அறுந்த நரம்பை இணைக்க எந்த வழி? தையல், ஒட்டு, குழாய், வளர்ச்சிக் காரணி: ஓர் ஒப்பீடு

கையிலோ காலிலோ நரம்பு அறுந்துவிட்டது, நடுவே ஒரு துண்டு சிதைந்துபோய்விட்டது, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. இந்த நிலையில் அறுவை மருத்துவர் சில வழிகளைச் சொல்வார். இழுத்துத் தைக்கலாம், உடம்பின் வேறோர் இடத்திலிருந்து நரம்பு எடுத்து ஒட்டலாம், கொடையாளரிடமிருந்து பெற்றுப் பதப்படுத்திய நரம்பை வைக்கலாம், செயற்கைக் குழாய் ஒன்றைப் பாலமாகப் பொருத்தலாம். இணையத்தில் தேடினால் ஐந்தாவதாக இன்னொன்றும் கண்ணில் படும்: வளர்ச்சிக் காரணிகள், அதாவது நரம்பிழைகளை வளரத் தூண்டும் புரதங்கள், நிரப்பிய வழிகாட்டிக் குழாய். படிக்கும்போது அதுதான் எல்லாவற்றையும்விட நல்லது என்று தோன்றும். இவற்றில் எதை, எப்போது தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: இடைவெளி எத்தனை சென்டிமீட்டர், அந்த நரம்பு தொடு உணர்வுக்கானதா தசையை இயக்குவதா, காயம் பட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது. குழாய் எந்தப் பொருளால் ஆனது, அதற்குள் என்ன மருந்து இருக்கிறது என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

ஒப்பிடுவதற்கு முன், அறுந்த நரம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நரம்பிழையின் உயிர் முதுகுத்தண்டிலோ அதை ஒட்டியோ இருக்கும் செல்லில் இருக்கிறது. இழை அறுந்தால் அந்தச் செல்லோடு தொடர்பு இழந்த வெளிப்பகுதி சிதையத் தொடங்கும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து இதை விவரித்தார். இன்றும் இதற்கு வாலரியச் சிதைவு என்றுதான் பெயர். சிதைவு நடக்கும்போதே, நரம்பிழைகளைச் சுற்றியிருந்து பேணும் ஷ்வான் செல்கள் சும்மா இருப்பதில்லை. குப்பையை அகற்ற உதவுகின்றன, பெருகுகின்றன, நீளவாக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த வரிசைகளுக்கு பியூங்னர் பட்டைகள் என்று பெயர். மேல்முனையிலிருந்து முளைத்து வரும் புதிய இழைகள் இவற்றைப் பற்றிக்கொண்டுதான் முன்னேறும்.

அந்த முன்னேற்றம் மெதுவானது. நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். மறுபக்கம் தசை காத்திருக்கிறது. நரம்பு வராத தசை சுருங்கி, 12 முதல் 18 மாதங்களுக்குள் இழை வந்து சேராவிட்டால் பெரும்பாலும் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். தொடு உணர்வுக்கு இவ்வளவு கறாரான கெடு இல்லை, தாமதமாக வந்தாலும் ஓரளவு திரும்பும். இப்போது ஒரு கணக்கு. மேல்கையில், உள்ளங்கையின் சிறு தசைகளிலிருந்து 50 சென்டிமீட்டர் மேலே, சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்பு அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 500 நாள். முதல் வாரத்திலேயே மிகச் சிறந்த முறையில் இணைத்தாலும் கெடுவின் விளிம்பில்தான் போய் நிற்போம். எந்தக் குழாய் என்ற விவாதம் அங்கே ஏறக்குறைய தேவையே இல்லாததாகிவிடுகிறது.

எல்லா நரம்புக் காயத்துக்கும் அறுவை தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1943-ல் ஹெர்பர்ட் செடன் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். நசுங்கித் தற்காலிகமாக வேலை நின்றது, உள்ளிழை அறுந்தும் உறை தப்பியது, முழுவதும் துண்டானது. முதல் வகை தானாகவே சரியாகும், இரண்டாவதும் பெரும்பாலும் காலப்போக்கில் தேறும். இந்த ஒப்பீடு முழுக்க மூன்றாம் வகைக்கானது.

நேரடித் தையல்

முனைகள் இழுவிசை இல்லாமல் சேருமானால் யோசிக்கவே வேண்டாம், தைத்துவிடுவதுதான் சரி. மூட்டை அளவாக மடக்கியோ நரம்பைச் சற்றுத் தளர்த்தியோ முனைகளைச் சேர்க்க முடிந்தாலும் அப்படித்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கொஞ்சம் இழுத்தால் எட்டிவிடும் என்ற நிலையில். விலங்குகளில் செய்த சோதனைகளில் நரம்பை அதன் நீளத்தில் 8 சதவீதம் இழுத்ததுமே அதிலுள்ள நுண்சிரைகளின் ஓட்டம் தடைபடத் தொடங்கியது, 15 சதவீதத்தை எட்டியபோது இரத்த ஓட்டம் முற்றிலும் நின்றது. இரத்தம் இல்லாத தையலில் வளர்வது வடுதான். வியன்னாவின் ஹான்னோ மில்லெஸி 1970-களில் அழுத்திச் சொன்னது இதைத்தான்: இழுத்துத் தைப்பதைவிட இழுவை இல்லாமல் ஒட்டு வைப்பது மேல். ஒரு தையலுக்குப் பதில் இரண்டு தையல்களை இழை கடக்க வேண்டியிருந்தாலும்கூட அது மேல்.

கண்ணாடியோ கத்தியோ பட்ட சுத்தமான வெட்டு என்றால் சில நாட்களுக்குள் தைத்துவிடுவது நல்லது. நசுங்கியோ கிழிந்தோ இருந்தால், எதுவரை நரம்பு செத்திருக்கிறது என்பது முதல் நாளில் தெரியாது. சில வாரங்கள் காத்திருந்து, நலமான பகுதி தெரியும்வரை முனைகளை வெட்டிச் செப்பனிட வேண்டிவரும். அப்படி வெட்டும்போதுதான் இடைவெளியே உருவாகிறது. ஆகவே முதல் நாள் சொன்ன இடைவெளியும் அறுவை மேசையில் அளந்த இடைவெளியும் வேறாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

தன் நரம்பு ஒட்டு

நோயாளியின் உடம்பிலிருந்தே நரம்பு எடுத்து ஒட்டுவதுதான் இன்றும் மற்ற எல்லாவற்றையும் அளக்கும் அளவுகோல். வழக்கமாக எடுப்பது பின்னங்காலில் ஓடும் சூரல் நரம்பை. ஒரு காலில் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை கிடைக்கும். இதன் பலம் அதற்குள் இருக்கும் உயிருள்ள ஷ்வான் செல்கள். அவை வழியும் காட்டும், வளர்ச்சிக் காரணிகளையும் தாமாகவே சுரக்கும், எந்த நேரத்தில் எவ்வளவு என்ற கணக்கும் அவற்றுக்குத் தெரியும். ஆய்வகங்கள் குழாய்க்குள் கொண்டுவரப் பாடுபடுவது எல்லாமே இதற்குள் இயற்கையாகவே இருக்கிறது.

விலையும் உண்டு. பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போகும். எடுத்த இடத்தில் வலிக்கும் நரம்புக் கட்டி வரலாம். இன்னொரு தழும்பு, கூடுதல் அறுவை நேரம். சூரல் மெல்லிய நரம்பு என்பதால் கையின் நடுநரம்பு போன்ற தடித்த நரம்புக்கு அதைப் பல துண்டுகளாக்கி அடுக்கி வைக்க வேண்டும். ஒரு விரலின் ஓரத்தில் உணர்வு திரும்ப, பாதத்தின் ஓரத்து உணர்வைக் கொடுப்பது நியாயமான பேரமா என்று நோயாளி கேட்பது சரியான கேள்வி. கட்டைவிரலை அசைக்கும் நரம்புக்காக என்றால் நியாயமான பேரம்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

வெற்றுக் குழாய்

நரம்பு முனைகளுக்கு நடுவே குழாய் வைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1891-ல் பியூங்னர், மேலே சொன்ன பட்டைகளுக்குப் பெயர் தந்தவர், இரத்தக் குழாயையே பாலமாக வைத்து நாய்களில் முயன்றார். பிறகு சுவீடனின் யோரான் லுண்ட்போர்க் சிலிக்கோன் குழாய்களை வைத்து, உள்ளே நடப்பதைப் படிப்படியாகக் காட்டினார். முதலில் இரு முனைகளிலிருந்தும் திரவம் கசிந்து குழாயை நிரப்புகிறது. அந்தத் திரவத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. ஒரு வாரத்துக்குள் ஃபைப்ரின் என்ற புரதம் ஒரு கயிறாகத் திரண்டு முனைகளை இணைக்கிறது. அதன்மீது ஷ்வான் செல்கள் ஊர்ந்து வருகின்றன, அவற்றைப் பின்தொடர்ந்து இழைகள்.

குழாயின் எல்லையும் இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. எலியில் 10 மில்லிமீட்டர் இடைவெளியைச் சிலிக்கோன் குழாய் கடக்கும், 15 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் தோற்கும். நடுவில் கயிறு மெலிந்து அறுந்துவிடுகிறது. மனிதரில் 3 சென்டிமீட்டரைத்தான் வெற்றுக் குழாயின் மேல்வரம்பாகச் சொல்கிறார்கள், அதுவும் மெல்லிய உணர்வு நரம்புகளுக்கு. நரம்பு தடிக்கத் தடிக்க நிலைமை மோசமாகும். விட்டம் இரு மடங்கானால் குழாயின் உட்கொள்ளளவு நான்கு மடங்காகிறது. முனைகளிலிருந்து கசியும் காரணிகள் அவ்வளவு பெரிய இடத்தில் நீர்த்துப்போகின்றன. தடித்த நரம்புகளில் குழாய் வைத்துத் தோற்ற நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தயாரிப்பாளர் பெரிய அளவிலும் குழாய் விற்கிறார் என்பதை, பெரிய நரம்புக்கு அது பொருந்தும் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிறு நரம்பில் குழாய் நன்றாகவே வேலை செய்கிறது. 2000-ல் வெளியான ஓர் ஒப்பீட்டுச் சோதனையில் 98 பேரின் 136 விரல் நரம்புகள் ஆராயப்பட்டன. உடம்பில் கரையும் பாலிகிளைகாலிக் அமிலக் குழாயை வழக்கமான முறைகளோடு ஒப்பிட்டபோது மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 4 மில்லிமீட்டர் வரையான மிகச் சிறிய இடைவெளிகளிலும் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றிலும் குழாய்க்கே உணர்வு சற்று மேலாக இருந்தது. லுண்ட்போர்க் குழுவினர் முன்கையின் பெரிய நரம்புகளில், சில மில்லிமீட்டர் மட்டும் இடைவெளி விட்டு, சிலிக்கோன் குழாய் வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டு கழித்தும் தையலுக்குச் சமமான பலன் இருந்தது, குளிர் தாங்காத தொல்லை குறைவாக இருந்தது. கவனியுங்கள், சில மில்லிமீட்டர்தான்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிலிக்கோன் கரையாது, பின்னால் நரம்பை நெரித்தால் அகற்ற இன்னோர் அறுவை வேண்டிவரும். பாலிகிளைகாலிக் அமிலம் சில மாதங்களில் கரையும். கொலாஜன் மென்மையானது, கரைய அதிக காலம் எடுக்கும். சரியான இடத்தில் வைத்தால் கரையும் குழாய்களில் எதுவும் பரவாயில்லை, தவறான இடத்தில் வைத்தால் எதுவும் காப்பாற்றாது.

பதப்படுத்திய கொடை நரம்பு

இறந்த கொடையாளரின் நரம்பிலிருந்து செல்களைக் கழுவி அகற்றி, வளர்ச்சியைத் தடுக்கும் சில மூலக்கூறுகளை நொதியால் நீக்கி, கிருமி நீக்கி வைத்திருப்பார்கள். செல் இல்லாததால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தேவையில்லை. ஆனால் உள்கட்டமைப்பு, அதாவது இழைகள் புகுந்து போகும் நுண்குழாய்களும் அவற்றின் சுவர்களில் இருக்கும் லாமினின் போன்ற புரதங்களும், அப்படியே இருக்கும். வெற்றுக் குழாயில் இல்லாதது இதுதான். 5 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளிகளில் கொலாஜன் குழாயோடு இதை நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை ஒன்று நடந்தது. இடைவெளி 12 மில்லிமீட்டரைத் தாண்டியபோது, இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக உணரும் திறனில் கொடை நரம்பு முந்தியது.

இதன் குறை, உயிருள்ள ஷ்வான் செல்கள் இல்லாதது. நோயாளியின் செல்கள் இரு முனைகளிலிருந்தும் உள்ளே வந்து குடியேற வேண்டும். இடைவெளி நீளும்போது அந்தச் செல்கள் பெருகிப் பெருகிக் களைத்துவிடுகின்றன. 3 சென்டிமீட்டருக்குள் உணர்வு நரம்பு என்றால் இதை நான் வெற்றுக் குழாய்க்கு மேலே வைப்பேன். மிக நீண்ட இடைவெளியில் தசை நரம்பு என்றால் தன் நரம்புக்குக் கீழே வைப்பேன்.

வளர்ச்சிக் காரணிகள்: நம்பிக்கையும் தடையும்

இனி, பலரும் ஆவலோடு கேட்கும் பகுதி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டுரினில் தன் வீட்டு அறையிலேயே கோழிக் கருக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி, பின்னர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விக்டர் ஹாம்பர்கரோடு சேர்ந்து, நரம்புகளை முளைக்கவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். ஸ்டான்லி கோஹன் அதைப் பாம்பு நஞ்சிலிருந்தும் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் பிரித்தெடுத்தார். அதுதான் என்ஜிஎஃப், அதாவது நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986-ல் லெவி-மொன்டால்சினிக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு. பிறகு பிடிஎன்எஃப், 1993-ல் ஜிடிஎன்எஃப் என்று இதுபோன்ற வேறு காரணிகளும் கண்டுபிடிக்கப்பட்டன.

அப்படியானால் இதைக் குழாயில் ஊற்றி வைத்தால் போதாதா? போதாது. முதல் காரணம், எல்லாக் காரணியும் எல்லா நரம்புக்கும் வேலை செய்வதில்லை. என்ஜிஎஃப் வலியையும் வெப்பத்தையும் உணரும் மெல்லிய இழைகளுக்கும், வியர்வை போன்றவற்றைத் தானாக இயக்கும் பரிவு நரம்புகளுக்கும் உரியது. வளர்ந்த மனிதரின் தசையை இயக்கும் நரம்புச் செல்களில் அதைப் பெற்றுக்கொள்ளும் முக்கிய ஏற்பி இல்லை. தசை நரம்புக்கு ஜிடிஎன்எஃப்தான் வலுவானது. கையின் நடுநரம்பு போன்ற கலப்பு நரம்பில் இரண்டு வகை இழைகளும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் தூண்டினால், தசைக்குப் போக வேண்டிய பாதையில் உணர்வு இழை புகுந்துவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது, அளவு. பிடிஎன்எஃப் குறைந்த அளவில் உதவுகிறது, அளவு கூடினால் தசை நரம்பின் மறுவளர்ச்சியைத் தடுக்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, இடம். மரபணு மாற்றிய செல்கள் ஜிடிஎன்எஃப்-ஐ நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருந்தபோது, இழைகள் ஆவலாக அங்கே வந்தன, வந்தவை மேலே போகவில்லை. அங்கேயே சுருண்டு சுற்றின. ஆய்வாளர்கள் இதற்கு மிட்டாய்க் கடை விளைவு என்று பெயர் வைத்தார்கள். காரணி சரியான நேரத்தில் வர வேண்டும், சரியான நேரத்தில் நிற்கவும் வேண்டும். இந்த நிறுத்தும் வேலைதான் பொறியியலில் கடினமானது. புரதங்கள் உடம்பில் வேகமாகச் சிதைந்துவிடும் என்பதால் ஒரே தடவை ஊசி போட்டும் பயனில்லை. கரையும் நுண்கோளங்களில் அடைத்து, குழாயின் சுவரில் பதித்து, வாரக்கணக்கில் கசியவிட வேண்டும்.

இந்த வழியில் என்னை மிகவும் கவர்ந்த சான்று 2020-ல் வந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கேசி மார்ரா குழுவினர், குரங்குகளின் முன்கை நடுநரம்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கினார்கள். ஜிடிஎன்எஃப்-ஐ மெல்லக் கசியவிடும் கரையும் குழாயை வைத்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். உணவுத் துண்டைக் கிள்ளி எடுக்கும் திறன் தன் நரம்பு ஒட்டு பெற்ற குரங்குகளுக்கு ஏறக்குறைய இணையாகத் திரும்பியது, நரம்பில் சைகை ஓடும் வேகம் அவற்றைவிட மேலாக இருந்தது. எலியின் 1 சென்டிமீட்டரிலிருந்து குரங்கின் 5 சென்டிமீட்டர் பெரிய தாவல். இந்த ஆய்வுக்குப் பிறகு வளர்ச்சிக் காரணிக் குழாயை வெறும் ஆய்வகக் கனவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் குரங்கு மனிதரல்ல. மனிதரில் இந்தக் காரணிகளின் வரலாறு எச்சரிக்கை தருகிறது. நீரிழிவால் வரும் நரம்புச் சிதைவுக்கு என்ஜிஎஃப் ஊசி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட பெரிய சோதனையில் பலன் தரவில்லை, ஊசி போட்ட இடத்தில் வலியையும் உண்டாக்கியது. என்ஜிஎஃப்-ஐத் தடுக்கும் மருந்துகளையே வலிநிவாரணியாக உருவாக்க முயன்றார்கள் என்றால், அதற்கும் வலிக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கம் என்று புரியும். வெற்றி பெற்ற இடமும் உண்டு: கருவிழி நரம்பு நலிவுக்கு என்ஜிஎஃப் கண் சொட்டு மருந்து 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிறிய இடம், நேரடியாக எட்டும் தூரம், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். நீண்ட நரம்பில் இந்த மூன்று வசதியும் இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நரம்பு அறுந்த முதல் வாரங்களில் கீழ்ப்பகுதி ஷ்வான் செல்கள் ஜிடிஎன்எஃப் போன்றவற்றைத் தாமாகவே ஏராளமாகச் சுரக்கின்றன. மாதங்கள் போகப் போக அது வற்றிவிடுகிறது. ஆகவே உடனே செய்யும் சிறு இணைப்புக்கு வெளியிலிருந்து காரணி தருவது அவ்வளவாகத் தேவைப்படாது. தாமதமான, நீண்ட இடைவெளிகளில்தான் அதன் உண்மையான பயன் இருக்கும் என்று நினைக்கிறேன்.

'வளர்ச்சிக் காரணிச் சிகிச்சை' என்ற பெயரில் சில இடங்களில் தருவது பிஆர்பி, அதாவது நோயாளியின் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாக்கி ஊசி போடுவது. அதிலும் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அது இதுவரை சொன்ன அளவிட்டுக் கசியும் குழாய் அல்ல, அறுந்த நரம்பை இணைக்கும் அறுவைக்கு மாற்றும் அல்ல. அதை நம்பிக் கடத்தும் மாதங்கள், தசையின் கெடுவிலிருந்து கழிந்துபோகும் மாதங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

விரல் நரம்பில் 1 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் குழாய் போதும், காலிலிருந்து நரம்பு எடுக்கத் தேவையில்லை. அதுவே 2 சென்டிமீட்டர் என்றால் கொடை நரம்பைக் கேட்பேன். மணிக்கட்டில் நடுநரம்பு 3 சென்டிமீட்டர் போய்விட்டது என்றால் தன் நரம்பு ஒட்டுதான், கட்டைவிரல் தசை அதை நம்பி இருக்கிறது. 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் இன்றைக்குத் தன் நரம்புக்கு நிகரில்லை. காலிலிருந்து போதிய நரம்பு கிடைக்காத நோயாளிக்குக் கொடை நரம்பை அடுத்த வழியாகக் கருதலாம்.

தோளுக்கு அருகே அறுந்திருந்தால், அல்லது காயம் பட்டு ஆறேழு மாதம் கடந்திருந்தால், பாலம் கட்டுவதையே விட்டுவிட்டு நரம்பு மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1994-ல் பிரான்சின் கிறிஸ்டோஃப் ஒபர்லின், நலமான அல்நார் நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையை எடுத்து முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு நேரடியாக இணைத்தார். தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்குவதால் தசை செத்துப்போவதற்குள் இழை வந்து சேர்ந்துவிடுகிறது. குழாய்களையும் காரணிகளையும் பற்றி நிறையப் படித்துவிட்டு வருபவர்கள் இந்த வழியைக் கேட்காமலே போவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

வளர்ச்சிக் காரணிக் குழாய்க்கான மனிதச் சோதனையில் சேர அழைப்பு வந்தால் மறுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எந்தக் காரணி, என் நரம்பு தசைக்கானதா உணர்வுக்கானதா என்பதோடு அது பொருந்துகிறதா? எத்தனை வாரம் கசியும், எப்போது நிற்கும்? ஒப்பிடும் மறுதரப்பில் இருப்பவர்களுக்குத் தன் நரம்பு ஒட்டா, வெற்றுக் குழாயா? தசை நரம்பில் 4 சென்டிமீட்டர் இடைவெளியோடு வெற்றுக் குழாய்ப் பிரிவில் விழ நான் சம்மதிக்க மாட்டேன். பலிக்காவிட்டால் எந்த மாதத்தில் மாற்று வழிக்குப் போவீர்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அறுவைக்குப் பிறகு நரம்பின் பாதையில் விரலால் தட்டினால் மின்சாரம் பாய்வதுபோல் கூசும் இடம் மாதாமாதம் கீழே இறங்க வேண்டும். அதற்கு டினெல் அறிகுறி என்று பெயர். மாதத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் இறங்கினால் இழை வளர்கிறது. மூன்று நான்கு மாதமாக அது ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அடுத்த முறை வருமாறு சொன்ன தேதிவரை காத்திருக்காமல் தசையின் மின்சைகையை அளக்கும் மின்தசைப் பரிசோதனைக்குக் கேட்டுப் போங்கள். அப்போது மறு அறுவைக்கோ நரம்பு மாற்றத்துக்கோ இன்னும் நேரம் இருக்கும்.